உஷார்! மலைக்குளிர் ஐஸ்பெட்டி அல்ல

"இந்தக் குளிருக்கு எங்கே கெடப் போவுது?"

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரம் கழியாது. லயத்து வாசலில், கோயில் திண்ணையில், பாசார் மாலாம் முடிந்து திரும்பும் வேனில், எங்கேயும் கேட்கலாம். நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா மீகூன் பிரட்டினார். கேரட், முட்டைக்கோஸ், சாவிக் கீரை, முட்டை எல்லாம் போட்டு, பெரிய குவாலி நிறைய. ஆவி பறக்கப் பறக்க ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் அழுத்தி நிரப்பி, மூடியை டப்பென்று அடைத்து வைத்து, பிறகு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அப்போதுதான் நாங்கள் சாப்பிட்டு எழுந்திருந்தோம். டப்பா மேசைமேல் உட்கார்ந்தது, ராத்திரி முழுக்க. வெளியே பனி இறங்கியிருந்தது, சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு படுத்தோம். காலையில் டப்பாவைத் திறந்தால் வாசனை நன்றாகவே இருந்தது.  சூடு காட்டிப் பசியாறினோம். பத்து மணி ஆவதற்குள் எனக்கும் பையனுக்கும் வாந்தி. குடலே வெளியே வந்துவிடும் போல.

மருந்தகத்தில் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்குச் சமைச்சது?"

எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டோம், அவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. "மத்தியானம்... இல்ல, பூசைக்கு முன்னாடி." சாப்பாடு கைமாறிய வேகத்தில் அதன் நேரம் எங்கேயோ தவறி விழுந்துவிட்டது. சமைத்தவர் வீட்டில் எத்தனை மணிநேரம் இருந்தது, எங்கள் மேசையில் எத்தனை மணிநேரம் இருந்தது என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் பன்னிரண்டுக்கு மேல் வந்திருக்கும். மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு, சமைத்த நான்கு மணிநேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது.

சோறு, மீகூன், மீ, பாஸ்தா போன்ற மாவுச்சத்துப் பண்டங்களை விரும்பிப் பிடிக்கும் கிருமி ஒன்று உண்டு. பெயர் பேசிலஸ் சீரியஸ். மண்ணில் இருப்பது, அரிசியோடு அடுப்புவரை வருவது. கொதியில் சாதாரணக் கிருமி சாகும். இது வித்து மாதிரி ஒரு ஓட்டுக்குள் சுருண்டு கொதியைத் தாண்டிவிடும். பிறகு சோறு ஆற ஆற முளைத்துப் பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சைக் கக்கிவைக்கும். அந்த நஞ்சுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. 121 டிகிரியில் ஒன்றரை மணிநேரம் வைத்தாலும் அழியாது. காலையில் நான் காட்டிய சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிநேரத்துக்குள் வாந்தி வரும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும்.

எப்போதும் அப்படி இல்லை. 2003 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்தது. சனிக்கிழமை பிக்னிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்தார்கள். திங்கட்கிழமை இரவு 5 பிள்ளைகள் அதைச் சாப்பிட்டார்கள். ஐந்து பேருக்கும் வாந்தி. 7 வயதுப் பெண்குழந்தை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, கல்லீரல் செயலிழந்து இறந்தாள். பிறகு அந்த ஐஸ்பெட்டியின் குளிரை அளந்து பார்த்தார்கள். 14 டிகிரி.

14 டிகிரி என்றால் என்ன? இந்த மலையின் தானா ராத்தாவில் நாம் கம்பளிக்குள் சுருளும் ராத்திரியின் குளிர்தான் அது. நமக்கு உடம்பு நடுங்குகிறது என்பதற்காகக் கிருமியும் நடுங்கும் என்று நினைத்துவிட்டோம். உணவுப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் அபாய எல்லை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. கேமரன் மலையின் பகலும் இரவும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. கீழே ஈப்போவிலோ கிள்ளானிலோ சாப்பாட்டை வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் நுரைத்து, நாறி, "என்னைத் தொடாதே" என்று அதுவே சொல்லிவிடும். இங்கே சொல்லாது. நாறவைக்கும் கிருமி குளிரில் மெதுவாக வேலை செய்கிறது, நஞ்சு வைக்கும் கிருமி அதற்குள் தன் வேலையை முடித்துவிடலாம். பார், முகர், சுவை என்று அமைச்சு பிரசாரம் செய்கிறதே, அது ஊசிப்போனதைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். ஊசாமலே விஷமானதை எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, அந்த மூடி! சூடான சாப்பாட்டை ஆழமான டப்பாவில் திணித்து இறுக அடைத்தால், வெளியே பனி கொட்டினாலும் உள்நடு சீக்கிரம் ஆறாது. ஓரம் சில்லென்று இருக்கும். நடுவோ கிருமிக்குப் பிடித்த இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும்.  மீகூனுக்கு மெத்தை விரித்துக் கம்பளி போர்த்தியதுபோல் வைத்திருந்தோம்.

அக்காவைக் குறை சொல்ல இந்தக் கதையை எழுதவில்லை. டப்பா போன திசையில் மட்டுமா தவறு நடக்கிறது, திரும்பி வரும் திசையிலும்தான். ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்திருக்கிறார்கள். அழகான பழக்கம். ஆனால் நடப்பு என்ன? டப்பாவைத் திருப்பும் அவசரத்தில், வீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக் கொடுக்கிறோம். நேற்று வைத்த குருமா, முந்தாநாள் கோழிப் பிரட்டல். "சூடு காட்டிச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். வாங்கியவர் அதை இன்று சமைத்தது என்றே நினைத்து மேலும் ஒரு நாள் வைக்கிறார். வெறும் டப்பாவாகக் கொடுப்பது கூச்சமாக இருந்தால் நாலு தக்காளி போடுங்கள். கொஞ்சம் தேயிலைத்தூள் போடுங்கள். இந்த மலையில் அதற்கா பஞ்சம்?

பழைய சோற்றுக்கு வருகிறேன். "எங்க தாத்தா காலத்துல ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு காலைல குடிச்சிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போனாங்க" என்பார்கள். உண்மைதான். ஆனால் நீராகாரம் பிறந்தது வெக்கை ஊரில். அந்த வெக்கையில் ஒரே ராத்திரியில் புளிப்பு ஏறும், அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளை அடக்கும். கேமரன் குளிரில் இட்லி மாவு பொங்கவே அடுப்பங்கரையில் துணி சுற்றி வைத்துக் காத்திருக்கிறோமே, சோற்றுத் தண்ணீர் மட்டும் எப்படி ஒரு ராத்திரியில் புளிக்கும்? புளிக்காதது பழைய சோறு அல்ல, ஊறிக் கிடக்கும் நேற்றைய சோறு.

கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழுந்து பறிக்கும் கையில், மலைச்சரிவுத் தோட்டத்தில் காய் பறிக்கும் கையில், கீறல் இல்லாத நாள் உண்டா? புண்ணிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியும் சாப்பாட்டில் நஞ்சு வைக்கும், அந்த நஞ்சும் கொதியில் சாகாது. விரலில் கட்டுப் போட்ட நாளில் எலுமிச்சைச் சோற்றைக் கையால் பிசைந்து நாலு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கு வேறு யாராவது பிசையட்டும். கரண்டியும் இருக்கிறது.

விருந்து என்றால் இதெல்லாம் பத்து மடங்கு. 2013-இல் கெடாவில் சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கல்யாண விருந்தில் ஆயாம் மாசாக் மேரா என்ற கோழிக்கறி சாப்பிட்டுப் பலர் நோயில் விழுந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். காரணம் சால்மொனெல்லா என்ற கிருமி.  விருந்துச் சாப்பாடு என்றாலே சுத்தம் என்ற நம் நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய அடி வேண்டாம்.

சாப்பாடு மட்டுமா கைமாறுகிறது? சமையல் குறிப்பும் கைமாறுகிறது. கிள்ளானில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார், மதுரையிலிருந்து வீடியோ வருகிறது. அவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 95 டிகிரி வந்ததுமே தளதளக்க ஆரம்பித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேகத் தாமதமாகிறதே, "இந்த ஊர்த் தண்ணி சரியில்ல" என்று புலம்புகிறோமே, காரணம் இதுதான். கோழியில் இருக்கும் கிருமியைக் கொல்ல 95 தாராளம், பயப்பட வேண்டாம். சிவப்பு பீன்ஸ் விஷயம் வேறு.

காச்சாங் மேரா என்று இங்கே சொல்லும் ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. வேகாத பீன்ஸ் நாலைந்து போதும், மூன்று மணிநேரத்துக்குள் வாந்தியில் விழுந்துவிடுவீர்கள். ஐந்து மணிநேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் நஞ்சு அழியும். "கேஸை மிச்சம் பிடி, ஊறின பீன்ஸை ஸ்லோ குக்கர்ல போட்டு ராத்திரி விட்டுடு" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். மெதுவான சூட்டில், 80 டிகிரி பக்கம், அந்த நஞ்சு சாவதற்குப் பதிலாகப் பல மடங்கு ஏறவும் கூடும். பிரஷர் குக்கர் எடுங்கள். சமவெளிக் குறிப்பு மூன்று விசில் என்றால் இங்கே ஒன்றிரண்டு கூட விடுங்கள். பீன்ஸ் விரலில் நசுங்காவிட்டால் மறுபடியும் அடுப்பில் ஏற்றுங்கள்.

இதைவிட மோசமான குறிப்பு ஒன்று: "பூண்டை மொத்தமா உரிச்சு எண்ணெயில மூழ்க வெச்சிடு. வெளியவே ஒரு மாசம் இருக்கும்." ஐயோ! மண்ணில் விளையும் பூண்டில் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து ஒட்டியிருக்கலாம். காற்று இல்லாத இடம்தான் அதற்கு வேண்டும், எண்ணெய் அந்த இடத்தைக் கொடுக்கிறது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் புட்டியில் அடைத்த எண்ணெய்ப் பூண்டு 36 பேரை வீழ்த்தியது. கண் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசையே நின்றுபோகும். புளியும் உப்பும் கொட்டி வதக்கிச் சுண்டவைத்த பூண்டு ஊறுகாய் வேறு, பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது வேறு. வேண்டுமானால் சிறிதளவு செய்து ஐஸ்பெட்டியில் வைத்து நாலு நாளில் முடித்துவிடுங்கள். தோழிக்குப் புட்டியில் அடைத்துப் பரிசு கொடுக்காதீர்கள்.

நிலக்கடலைப் பொடிக்கும் ஒரு வார்த்தை. மலையில் மூடுபனி அடுப்பங்கரைவரை வரும். கடலையில் பூசணம் பூத்தால் "துடைச்சு வறுத்துட்டாப் போச்சு" என்று பொடி இடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூசணம் விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, வேகவைத்தாலும் போகாது. தாப்பா வழியாக மலையிறங்கினால் கொஞ்ச தூரத்தில் கம்பார். அந்தப் பேராக் பக்கத்தில்தான் 1988 அக்டோபரில் லோ ஷீ ஃபன் நூடுல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். ஆய்வில் அகப்பட்டது இந்த அஃப்ளடாக்சின்தான்.

அடுத்ததைச் சொல்லும்போது பலருக்குக் கோபம் வரும். வரட்டும். இந்த மலையில் தேன் பண்ணைகள் உண்டு, வருகிறவர்களெல்லாம் புட்டி புட்டியாக வாங்கிப் போகிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அதே புட்டிதான் போகிறது. பெரியவர் யாராவது விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிறார். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. ஒரு துளிகூடக் கூடாது. சுத்தமான தேன், காட்டுத் தேன், சொந்தப் பெட்டித் தேன், எதுவானாலும் கூடாது. பூண்டில் சொன்ன அதே பாட்டுலினத்தின் வித்து தேனிலும் இருக்கலாம். பெரியவர் குடல் அதைச் சமாளித்துவிடும், கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரக்கும். பிள்ளைக்கு மலம் கட்டும், அழுகை மெலியும், கழுத்து நிற்காது, பால் குடிக்கச் சக்தி இருக்காது. "எங்க புள்ளைங்களுக்கெல்லாம் வெச்சோமே, ஒண்ணும் ஆகல" என்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. புட்டியை வாங்கி, நன்றி சொல்லி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு திறக்கலாம்.

கடைசியாக டப்பா. தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் பூச்சிக்கொல்லியை நாம் "மருந்து" என்கிறோம். மருந்து அடிச்சாச்சா, மருந்து டின் எங்கே என்கிறோம். அந்தப் பெயரே நம்மை அசட்டையாக்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கெட்டியான பிளாஸ்டிக் கேன், நல்ல மூடி, தூக்கிப்போட மனம் வராது. சோப்புப் போட்டு ஏழு தரம் கழுவி எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவைக்கத் தோன்றும். 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரன் மாவட்டத்துக் கந்தாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயை வைத்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்த கலனில். எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொல்லியும் கேட்பார் இல்லை. மலேசியா பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது என்றாலும், பண்ணைக் கொட்டகையில் வேறு மருந்துக் கேன்களுக்குக் குறைவில்லை. காலியானதும் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எடுத்து எதையும் ஊற்ற முடியாதபடி.

இவ்வளவு சொன்னபின் "அப்போ யாருக்கும் எதுவும் கொடுக்கவே கூடாதா?" என்று என் மனைவியே கேட்டாள். கொடுக்கத்தான் வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் பட்டணம் பார்த்து இறங்கியபின் பல லயங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான் அதிகம். மிச்சமிருக்கும் நாலு வீட்டுக்கு இந்த டப்பாக்கள்தான் உறவு. வாந்தி எடுத்த அந்த நாளுக்குப் பிறகு எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சில்லை. அவர் அவமானப்பட்டார், நாங்கள் முறைத்துக்கொண்டோம். வாந்தியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் நடப்பது இதுதான். ஆக்கியதும் அகலமான தட்டில் பரப்பி, ஆவி போனபின் தாழ்வான டப்பாவில் போடுகிறோம். மூடிமேல் ஒரு துண்டு டேப், அதில் சமைத்த நேரம். "வெள்ளி, மாலை 5." இரண்டு மணிநேரத்துக்குள் வாயிலோ ஐஸ்பெட்டியிலோ போய்விட வேண்டும். முதல் தடவை டேப்பைப் பார்த்து அக்கா சிரித்தார், "என்னப்பா, கடைச் சாமானா?" என்று. இப்போது என்னைவிட அவர்தான் கறார்.

அப்படியும் யாருக்காவது நோய் வந்தால் மறைக்காதீர்கள். கொடுத்தவர் பெயர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். உணவு நச்சு, 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் அறிவித்தாக வேண்டிய நோய். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டாமல் கட்டிவையுங்கள், சோதனைக்கு வேண்டியிருக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, மயக்கம் என்றாலோ, கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலோ தாமதிக்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இமை தொங்கினால், விழுங்க முடியாவிட்டால் உடனே 999.

இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் மேசைமேல் மூடியிருக்கும் டப்பாவைப் பாருங்கள். எத்தனை மணிக்குச் சமைத்தது என்று கொடுத்தவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள்.